மாப்பிள்ளைக்குப் பிடித்த ப்ராசசர்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் பண்ணாமல் எழுதுகிறேனே என்று பதறிவிடாதீர்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனை எடுத்ததும் நீங்கள் ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறீர்கள். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறாள், இந்தப் பக்கம் இவர் "மாமாவைக் கேட்டதாச் சொல்லு" என்கிறார். நான் விஷயத்துக்கு வருவதற்குள் குக்கர் கத்திவிடுகிறது.

விஷயம் என் கம்ப்யூட்டர். வேலையை விட்டு சொந்தமாக ஆரம்பித்தபோது "மெஷின் என் செலவு" என்று வாக்குக் கொடுத்தீர்களே, அந்த வாக்கை வசூல் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒரு கிளினிக்காரர்கள் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்கள். கட்டி முடித்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று நடந்து பார்க்கிற மாதிரி படம் செய்து தர வேண்டும். முதலில் வரவேற்பறை மட்டும். அது பிடித்தால் எல்லா மாடியும் எனக்கே. வரைவது என் கை. வரைந்ததைப் படமாக்கித் தருவது மெஷின். அதைத்தான் ரெண்டர் என்போம். பழைய மெஷின் ரெண்டருக்குப் போனால் நான் துணி துவைத்துக் காயப்போட்டு மடித்தும் வைத்துவிடலாம்.

மெஷினுக்கு மூளை ப்ராசசர். அதில் பார்த்தால் இரண்டு கம்பெனிகள், இரண்டும் ஜென்ம விரோதிகள். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவருக்கு விளையாட்டும் ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதுதானே அவருக்கு உலகம். எனக்கு வேலை ஓட வேண்டும். நான் படிக்க உட்கார்ந்தால் வேலை கெடும். நீங்கள் உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் பேசி முடிவு பண்ணுங்கள். என் வேலை ஃபைல் ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

சின்ன வயதிலிருந்து சைக்கிளோ காலேஜோ, நீங்கள் பார்த்துச் சொன்னது எதுவும் தப்பியதில்லை. இதிலும் நீங்கள் சொன்னால் சரி.

உங்கள் மகள்

&nbsp;

ஜூன் 9

என் அன்பு முதலாளியம்மாவுக்கு,

தொழிலாளி அப்பன் எழுதிக்கொள்வது. உத்தரவு கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணாடிக் கடையில் நான் கண்ணாடி விற்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ப்ராசசர் வீடியோ பார்க்கிறேன். நேற்று ஒரு அம்மா "ஃப்ரேம் லேசா இருக்கணும்" என்றார். நான் "எத்தனை கோர்?" என்று கேட்டுவிட்டேன். உடன் வேலை செய்கிற லென்ஸ்காரர் "சார், உங்களுக்குத்தான் முதலில் பவர் பார்க்கணும்" என்கிறார். இந்தக் கடையில் ஒருத்தனுக்கு மரியாதை கிடையாது.

போகட்டும். படித்துக் கரைத்துக் குடித்ததை உனக்குச் சொல்கிறேன். கோர் என்பது கை மாதிரி. ஒரு கம்பெனிக்காரனுக்குக் கை குறைச்சல், ஆனால் சாமான் எல்லாம் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான். தேடிக்கொண்டு போக வேண்டாம். அதனால் விளையாட்டில் பறக்கிறான். அவனுக்கு ஓட்டக்காரன் என்று பேர் வைத்திருக்கிறேன். இன்னொரு கம்பெனிக்காரனுக்குக் கை அதைப்போலப் பல மடங்கு. ஓட்டத்தில் ஒரு அடி பின்னாலேதான். ஆனால் உன் ரெண்டர் மாதிரி மலைமலையாக வேலையைக் கொட்டினால் எல்லாக் கையாலும் சேர்ந்து தூக்கிவிடுகிறான். அவன் மூட்டைக்காரன்.

உன் வேலைக்கு மூட்டைக்காரன்தான் என்று என் மனசு சொல்கிறது. மாப்பிள்ளை விளையாட்டுக்கும் அவன் ஒன்றும் மோசமில்லை. ரெண்டு பேருக்கும் நியாயம்.

நல்லவேளையாக மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக அடுத்த வாரம் இங்கே வருகிறாராமே. நேரில் கூட்டிக்கொண்டு போய் வாங்கி, அவர் காரிலேயே ஏற்றிவிடுகிறேன். உன் அம்மா இப்போதே மின்விசிறி றெக்கையைத் துடைக்கச் சொல்லி என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டாள். "மாப்பிள்ளை மேலே பார்ப்பாராடி?" என்றேன். "நீங்க தலையாட்டறதைத் தவிர வேற எதைப் பார்க்கப் போறார்" என்றாள். உன் அம்மாவுக்கு நாக்கில் கோர் ஜாஸ்தி.

ஃபைல் எல்லாம் எதற்கு, அப்பா இருக்கும்போது?

இப்படிக்கு,
உன் தொழில்நுட்ப ஆலோசகர் (சம்பளம் இல்லை)

&nbsp;

ஜூன் 18

முதலாளியம்மாவுக்கு,

மெஷின் வந்து சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை அதைப் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டுக் கூட்டிப்போனார். உன் கல்யாணத்தன்று உன்னைக்கூட அவ்வளவு பத்திரமாக ஏற்றவில்லை.

கம்ப்யூட்டர் கடையில் நடந்ததைச் சொல்லவேண்டும். உனக்கே தெரியும், மாப்பிள்ளை என்னிடம் இதுவரை பேசியதை ஒரு தபால்தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். "சரிங்க மாமா." "பரவாயில்லைங்க மாமா." அதோடு முடிந்தது. நானும் எத்தனையோ ஜோக் அடித்துப் பார்த்திருக்கிறேன், கல் மாதிரி இருப்பார். அப்படிப்பட்டவர் கடையில் ஓட்டக்காரன் போட்டு வைத்திருந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் ஒன்றைத் திறந்தார். அவ்வளவுதான், வேறு மனுஷன்! "மாமா, இந்த வளைவைப் பாருங்க மாமா!" என்கிறார், "மாமா, பிடிச்சுக்குங்க!" என்கிறார். நான் எதைப் பிடிப்பது, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு. கண்ணாடி மூக்கை விட்டு இறங்கிவிட்டது. நான் அதைச் சரிசெய்யவே இல்லை, சந்தோஷத்தில்.

பிறகு எனக்கும் ஒரு ஆட்டம் கொடுத்தார். சுவரில் மோதினேன். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைக்காரர் பார்த்துவிட்டு "அண்ணன் தம்பியா?" என்று கேட்டார் என்றால் பார்த்துக்கொள்.

ஆக, ஓட்டக்காரனையே எடுத்தாகிவிட்டது. மூட்டைக்காரன் என்று முன்பு நான்தான் எழுதினேன், மறுக்கவில்லை. ஆனால் நேரில் பார்த்தால் ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடியோக்காரர்கள் பொழுது போகாமல் பெரிதுபடுத்துகிறார்கள். மாப்பிள்ளைக்கும் அதிலேதான் இஷ்டம். நான் என்ன சொல்ல முடியும் சொல்லு.

உன் பழைய மெஷினுக்கு இது எவ்வளவோ மேல். ஜமாய்.

உன் அப்பா

&nbsp;

ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

மெஷின் அழகாக இருக்கிறது. சத்தமே இல்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால்தான். இடையிடையே "மாமா இருந்திருக்கணும்" என்கிறார். நீங்கள் சுவரில் மோதியதை எனக்கு நடித்தே காட்டினார். உங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமானது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சின்ன சந்தேகம். ரெண்டர் பழையதைவிட வேகம்தான், ஆனால் நான் நினைத்த அளவு இல்லை. என்கூட முன்பு வேலை பார்த்தவள் இதே மாதிரி ஒரு அறையைச் செய்கிறாள், அவளுக்கு மத்தியானத்துக்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு மறுநாள் ஆகிறது. ஏதோ நான்தான் தப்பாக வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. எல்லா செட்டிங்கையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் கழித்துக் கழித்துப் பார்க்கிறேன். வரவேற்பறை இப்போது காலி செய்த வீடு மாதிரி நிற்கிறது.

நீங்கள் பார்த்து வாங்கியது, மெஷினில் குறை இருக்காது. என் பக்கம் எதைச் சரி செய்யலாம் என்று கடைக்காரரைக் கேட்டுச் சொல்ல முடியுமா?

உங்கள் மகள்

&nbsp;

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கவலைப்படாதே. புது மெஷின் என்றால் புதுச் செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடிக்கும்.

நான் யோசித்ததில் சில காரணங்கள் தோன்றுகின்றன. அறையில் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துப் பார். தூசியாக இருக்கலாம். மின்சாரம் ஏறி இறங்கினால்கூட வேகம் குறையும் என்று ஒருத்தர் வீடியோவில் சொன்னார், ஆள் பார்க்கப் படித்தவர் மாதிரிதான் இருந்தார். அந்தப் பெண் மத்தியானத்துக்குள் முடிப்பதாகச் சொல்கிறாள் என்றால், எந்த நாள் மத்தியானம் என்று கேட்டாயா?

கடைக்காரரை இன்னும் பார்க்கவில்லை. அவர் கடைப்பக்கம் போக நேரமே வாய்க்கவில்லை. இங்கே சீசன்.

அம்மா நலம். நீ செட்டிங்கை எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பா

&nbsp;

ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளினிக்கில் படத்தைக் காட்டினேன். பிடித்திருந்தது. டாக்டரம்மா "இந்தச் சுவர் மட்டும் கொஞ்சம் வெளிர் நிறமா இருந்தா எப்படி இருக்கும், சாயந்திரம் நாங்க எல்லாரும் கூடும்போது காட்டுங்க" என்றார். நான் "நாளைக்குத் தருகிறேன்" என்றேன். எதிரே இதே வேலையைக் கேட்டு வந்த இன்னொரு நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் "எங்களால் சாயந்திரமே தர முடியும்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க புதுசா ஆரம்பிச்சவங்க இல்லையா, மெதுவா வாங்க" என்றார். கேலி இல்லை அப்பா. பரிவாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. வரவேற்பறை எனக்கு, மாடிகள் எல்லாம் அவருக்கு.

வீட்டுக்கு வந்து நானே உங்கள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். என் தப்பு என்ன என்று கேட்கத்தான். அவர் சொன்னார்: "உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டருக்கு இது ஆள் இல்ல. உங்க வேலை ஃபைல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ரெண்டு மெஷின்லயும் ஓட்டிக் காட்டறேன், அப்புறம் எடுங்கன்னு அப்பாகிட்ட சொன்னேனே. அதெல்லாம் வேணாம்னுட்டார்."

நான் ஃபைல் அனுப்புகிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

இவரிடம் கோபமாகப் போய் நின்றேன். "உங்க விளையாட்டுக்காக என் வேலையைக் கெடுத்துட்டீங்களே" என்றேன். இவர் முகம் வெளிறிவிட்டது. "அவ வேலைக்கு இது போதுமா மாமான்னு நான் கேட்டேனே. தாராளமா மாப்பிள்ளை, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாரே" என்றார். அப்படிக் கேட்டாரா அப்பா? உங்கள் கடிதத்தில் "மாப்பிள்ளைக்கு இஷ்டம், நான் என்ன சொல்ல முடியும்" என்று இருக்கிறது. நான் அதை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன் அப்பா. தூசியும் துடைத்தேன்.

உங்கள் மகள்

&nbsp;

ஜூலை 27

அன்புள்ள மகளுக்கு,

இதை எழுத உட்கார்ந்து நாலைந்து தரம் எழுந்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் முதல் வரி ஒரு ஜோக்காக வந்து நிற்கிறது. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

மாப்பிள்ளை கேட்டார். நான் "தாராளமா" என்றேன். கடைக்காரரும் ஃபைல் கேட்டார். வேண்டாம் என்றதும் நான்தான். என்ன வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்; ஓட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது. கடையில் யார் வந்தாலும் கண்ணில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்காமல் ஒரு கண்ணாடி நான் விற்றதில்லை. உன்னிடம் கேட்கவில்லை.

ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அவர் என் தோளில் தட்டினார் இல்லையா, அந்தத் தட்டு என்னைக் கவிழ்த்துவிட்டது. மாப்பிள்ளை முகம் மலர்ந்திருக்கிறது, இப்போது போய் "இது வேண்டாம், இன்னொன்றை எடுக்கலாம்" என்றால் அது வாடிவிடுமே என்று பயந்தேன். வாடினால் அது உன்மேல் விழுமோ என்று வேறு ஒரு பயம். எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அது நான் பிறகு ஒட்டவைத்த காரணம். நீ கோபித்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். அவர் கோபித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாமல் என்ன, அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. இல்லாத கோபத்துக்குப் பயந்து இருக்கிற மகளை விற்றிருக்கிறேன்.

அதைவிட வெட்கக்கேடு அந்தக் கடிதம். "அவருக்கு இஷ்டம்" என்று எழுதும்போதே பேனா ஒரு நொடி நின்றது. நின்ற பேனாவைத் தள்ளி எழுதினேன். உன்னைக் கெடுத்தது போதாதென்று அவரையும் உன்னிடம் மாட்டிவிட்டேன். நீ செட்டிங்கைப் பார்த்துக்கொண்டு உன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தபோது, நான் உட்கார்ந்து தூசி, ஜன்னல் என்று கதை கட்டினேன்.

உன் அம்மாவுக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். கடையிலிருந்து வந்ததும் நீங்க கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றாள். அதோடு சரி. திட்டியிருக்கலாம்.

மூட்டைக்காரனை நான் வாங்கி அனுப்புகிறேன். அதற்கு, அதைச் சொருகுகிற போர்டும் மாற்ற வேண்டுமாம், அதுவும் என் பொறுப்பு. மாப்பிள்ளைக்கும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். டாக்டரம்மாவிடம் நான் வந்து பேசட்டுமா?

அப்பா

&nbsp;

ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டரம்மாவிடம் நீங்கள் பேச வேண்டாம்.

மூட்டைக்காரனையும் வாங்கி அனுப்ப வேண்டாம். நான் இங்கேயே ஒரு கடைக்கு என் ஃபைலை எடுத்துக்கொண்டு போய், இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, நீங்கள் முதலில் எழுதிய மூட்டைக்காரனையே தவணையில் எடுத்துவிட்டேன். போர்டும்தான். முதல் கடிதத்தில் நீங்கள் சொன்னது அப்படியே சரி. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தெரியாமல் செய்திருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஓட்டக்காரனை இவரே கழற்றித் தந்தார். விற்றுவிடலாம் என்றார் கடைக்காரர். எனக்கு மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கவும் பிடிக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்தது. உங்களிடமே இருக்கட்டும் என்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

மகள்

&nbsp;

ஆகஸ்ட் 19

அன்புள்ள மகளுக்கு,

பார்சல் கடை முகவரிக்கு வந்தது. அட்டைக்குள் அட்டை, அதற்குள் பஞ்சு. கண்ணாடி லென்ஸ்கூட யாரும் இவ்வளவு பத்திரமாகச் சுற்றி அனுப்புவதில்லை. உள்ளே இத்தனூண்டு. உள்ளங்கையில் வைத்தால் பாதிகூட நிறையவில்லை. இதைச் சொருக என்னிடம் எந்த மெஷினும் கிடையாது.

லென்ஸ்காரர் எட்டிப் பார்த்து "என்ன சார் இது, புது நகையா?" என்றார். வாயில் பதில் தயாராக வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன், எந்த ஃபைலை வேண்டாம் என்றேன், கடிதத்தில் யார் தலையில் போட்டேன், எல்லாம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "பொண்ணு பேசுதா சார்?" என்று மட்டும் கேட்டார். "எழுதுது" என்றேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். "விடுங்க மாமா" என்றார். பழையபடி இரண்டே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் போடலாம் வாங்க என்றும் சொன்னார். நான் இப்போது வரவில்லை என்றேன். நீ கூப்பிட்டால் வருகிறேன்.

அப்பா

&nbsp;

செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள், நிறுத்தினாலும் அவள் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு பள்ளிக்கூட நூலக வேலை வந்திருக்கிறது. சின்னதுதான். டாக்டரம்மாதான் என் பெயரைச் சொன்னாராம். நேற்று அவர்கள் அலமாரியைத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்து அனுப்பிவிட்டேன்.

இவருக்கு ஆட்டத்தில் ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. வித்தியாசமே தெரியவில்லை என்று என்னிடம் சொல்கிறார். நண்பர்களிடம் கொஞ்சம் தெரிகிறது என்று சொல்வது என் காதில் விழுந்தது.

அடுத்து மானிட்டர் மாற்றப் போகிறேன். இரண்டு வகை பார்த்தேன். ஒன்று விளையாட்டுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நிறம் சரியாகக் காட்டாது. இன்னொன்றில் நிறம் அப்படியே இருக்கும், ஆட்டம் சற்று இழுக்கும். என் படம் ஒன்றை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். இவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டாவதற்குச் சொல்லியாகிவிட்டது, வியாழக்கிழமை வருகிறது.

உங்களைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை அப்பா. தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் மகள்